இருபத்தாறு கஜமும் ஒரு விரலும்

என் மனைவி சமையலறையிலிருந்து சொன்ன ஒரு வாக்கியத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதன் விளைவாக, பரிசுப் பணம் வைத்து நடக்கும் ஒரு டென்னிஸ் போட்டியின் இறுதி ஆட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றது. இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் (ஒருவன் நிலைப்படியில் குனியாமல் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாத உயரம்) தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முழுக்க அழைப்பிதழை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தது. ஆடுகளத்தின் நடுவில் ஒரு மரக்கோலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் வரலாறு நடத்தியவன். செத்துப்போன ராஜாக்கள் செய்த தவறுகளை வரிசையாக எழுதச் சொல்லி மதிப்பெண் போட்டவன். என் தவறையும் யாராவது வரிசையாக எழுத வேண்டும் அல்லவா? வேறு யாராவது எழுதினால் தமாஷாக எழுதுவார்கள். எனக்கு இன்றுவரை அது தமாஷாகப் படவில்லை. நினைத்தால் கோபம்தான் வருகிறது. கோபம் போட்டிக் கமிட்டியின் மேல். அழைப்பிதழ் அச்சடித்தவன் மேல். 'மலர்' என்ற பெயரில் வெளியாகி எவராலும் படிக்கப்படாத எல்லாப் புத்தகங்களின் மேல். இன்னொரு ஆளின் மேலும் உண்டு. அந்த ஆளைப் பிறகு சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் டென்னிஸா, அதுவும் கூரைக்கு அடியிலா என்று கேட்பவர்களுக்கு முதலில் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கு வெளியே, வாலாஜாபாத் போகிற சாலையில் ஓர் அரிசி ஆலை இருந்தது. அதன் முதலாளி தன் பொழுதுபோக்குக்காக ஆலைக்குப் பக்கத்தில் இரண்டு மண் ஆடுகளங்கள் போட்டிருந்தார். இரண்டு டாக்டர்கள், ஒரு வக்கீல், ஒரு வங்கி மேலாளர் சாயங்காலத்தில் ஆடுவார்கள். அதற்கு 'கிளப்' என்று பெயர். நானும் உறுப்பினன். எனக்கு ஆடத் தெரியாது, எண்ணத் தெரியும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி சொல்வேன். (பதினைந்துக்குப் பிறகு முப்பது, அதற்குப் பிறகு நாற்பது என்று எண்ணுகிற விளையாட்டை வரலாற்று ஆசிரியன்தான் சகித்துக்கொள்ள முடியும்.)

ஒரு வருஷம் முதலாளிக்கு ஆசை வந்தது. பரிசுப் பணம் அறிவித்தார். சென்னை, பெங்களூர், ஹைதராபாத்திலிருந்து, ஆட்டமே பிழைப்பாக உள்ளவர்கள் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். முதலாளி நாள் பார்த்தது ஐப்பசியில். ஐப்பசியில் எங்கள் ஊரில் குடையில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஆடுகளம் தென்னேரி ஏரியின் கிளை போல் ஆகிவிட்டது. பதினாறு பேரும் லாட்ஜில் சீட்டாடினார்கள். நான்காம் நாள் ஆலைக்கு வந்து, ஆட விடு, இல்லையென்றால் பணத்தைப் பங்கு போட்டுக் கொடு என்று நின்றார்கள்.

அப்போது அங்கே இருந்தவன் தனபால். என் மனைவி மரகதத்தின் அண்ணன். உறவாவதற்கு முன்பே என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். நான் கல்லூரிக்குப் போனேன், அவன் தறிக்குப் போனான். பட்டு நெய்கிறவனுக்குக் கிளப்பில் என்ன வேலை என்றால், வலை. வலையில் கயிறு அறுந்தால் தனபாலைக் கூப்பிடுவார்கள். இழை அறுந்தால் தறியில் போடுகிற முடிச்சை அதில் போடுவான். பிறகு எந்த இடத்தில் அறுந்தது என்று வலைக்கே தெரியாது.

அவன் எட்டிப்பார்த்தது ஆலையின் நெல் கிடங்கை. கோயில் மண்டபம் மாதிரி நீளம், நடுவில் தூண் கிடையாது, கூரை ஆகாயத்தில். "இதுக்குள்ள ஆடினா இன்னா?" என்றான்.

ஒரு பகல் முழுக்க மூட்டைகளை நகர்த்தினோம். தரை சிமெண்டு. கோடு போட வேண்டும். விதிப் புத்தகத்தை நான் படித்தேன்: நீளம் எழுபத்தெட்டு அடி, ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் இருபத்தேழு அடி, வலை நடுவில் மூன்று அடி உயரம். தனபால் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான்.

"நீட்டு இருபத்தாறு கஜம், அகலம் ஒம்பது கஜம், வலை ஒரு கஜம். இன்னாபா இது, பொடவ கணக்கா இருக்குது. வெள்ளக்காரன் நம்ம தெருவுல வந்து கத்துக்கினு போயிட்டானா?"

எங்கள் தெருக்களில் விடியற்காலையில் போனால் பாவு நீட்டியிருப்பார்கள். சேலையின் நீள இழைகளைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். ஓர் இழை தளர்ந்தாலும் சேலை கோணும். அதே மாதிரி தனபால் கிடங்கின் குறுக்கே பட்டிழையை இழுத்துக் கட்டினான். நில அளவையர் ஒருவரிடம் எஃகு நாடா இரவல் வாங்கி வந்தோம். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. மண்டியிட்டுப் பிடித்தேன். இழையை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. சென்னையிலிருந்து வந்த ஆட்டக்காரன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு இப்படி நேரான கோட்டை எங்கேயும் பார்த்ததில்லை என்றான். எங்கள் போட்டி அப்படித்தான் கூரைக்கு அடியில் போனது. மழை நின்ற பிறகும் வெளியே வரவில்லை.

அந்த முதல் வருஷத்தில் ஆட்டக்காரர்கள் தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டே ஆடினார்கள். முக்கியமான புள்ளியில் புறா குறுக்கே பறந்தால் மறுபடி ஆட வேண்டும் என்று நானே ஒரு விதி செய்தேன். (பந்து பட்டு இறங்கிய புறா ஒன்றை வக்கீல் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்தியம் பார்த்தார். அப்படித்தான் சொன்னார்.) பிறகு தரைக்கு வண்ணப் பூச்சு வந்தது, விளக்கு வந்தது, படிக்கட்டு இருக்கை வந்தது. டென்னிஸ் சங்கத்தின் அங்கீகாரம் வந்தது. அதற்கப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒரு வருஷம் தனபால் வலையின் மேல்பட்டையைத் தானே நெய்து, ஓரத்தில் சின்னதாய் ஜரிகைக் கோபுரம் ஓடவிட்டான். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று ஒரு ஆட்டக்காரன் புகார் சொல்ல, பட்டையைத் திருப்பிப் போட்டு ஆடினார்கள். ஊரே அதைச் சொல்லி ஒரு மாதம் சிரித்தது. தனபாலும் சிரித்தான்.

ஆனால் கோட்டைப் பற்றி மட்டும் அவனிடம் யாரும் விளையாட முடியாது. ஒவ்வொரு வருஷமும் போட்டிக்கு முன் அவனே இழை கட்டி, நாடா பிடித்து, கோடுகளைப் புதுப்பிப்பான். கூலி வாங்க மாட்டான். "நான் போட்ட கோடு மயிரிழ தப்பாது" என்பான். நெய்கிறவனுக்கு அளவு என்பது பேச்சு சுத்தம் மாதிரி. அது தப்பு என்று சொன்னால் அவனைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி. இது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் தறி வீட்டில் பிறந்தவன்தான்.

வெள்ளி விழா வந்தது. பழைய முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கமிட்டிச் செயலர். சின்ன முதலாளி என்போம். அவர் என் வீட்டுக்கே வந்து, மலரில் போட்டியின் வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும் சார் என்றார். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியனிடம் இதைச் சொல்வது பசித்த யானையைக் கரும்புக் காட்டில் விடுவதற்குச் சமம். நூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். கூரம் செப்பேட்டில் ஆரம்பித்தேன். பல்லவர்கள் பந்தாடினார்களா என்று பதினோரு பக்கம் ஆராய்ந்தேன். (ஆடியதற்கு ஆதாரமில்லை, ஆடவில்லை என்பதற்கும் ஆதாரமில்லை என்று முடித்திருந்தேன்.) திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் கூரை ஓவியங்கள் வழியாக 'கூரைக்கு அடியில் கலை' என்று ஒரு பாலம் கட்டினேன். டென்னிஸ் எழுபதாம் பக்கத்தில்தான் ஊருக்குள் நுழைந்தது.

சின்ன முதலாளி அதை நான்கு பக்கமாகச் சுருக்கினார். பல்லவர்கள் முழுக்கப் போனார்கள். புறா விதி போயிற்று. நான் புள்ளி சொன்ன கதை போயிற்று. அவருடைய அப்பாவின் படம் மட்டும் ஒரு பக்கம்.

அடுத்த வாரம் அழைப்பிதழ் வந்தது. 'ஆடுகளம் கண்ட செம்மல் திரு. தனபால் அவர்களுக்குப் பொன்னாடை' என்று தங்க எழுத்தில். என் பெயரைத் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். கடைசி வரியில், ஒலி பெருக்கிக்காரருக்கு மேலே, 'மற்றும் போட்டியின் நண்பர்கள்' என்றிருந்தது. அது நான்தானாம். விசாரித்தேன்.

பொறாமை என்று சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை. வரலாற்று உண்மைக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று மரகதத்திடம் சொன்னேன். அவள் மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணனுக்கு ஒரு துண்டு போத்தறாங்க. அதுல உங்களுக்கு எங்க குளுருது?" என்றாள்.

இந்த மாதிரிப் பேச்சுக்கு மேல் எந்தக் கணவனால் அமைதியாக இருக்க முடியும்? அன்று மதியமே முடிவு செய்தேன். செம்மல் போட்ட கோட்டைச் சோதித்துப் பார்ப்பது ஆய்வாளனின் கடமை.

வீட்டில் நாடா இல்லை. பரண்மேல் ஒரு கஜக்கோல் இருந்தது. மரகதத்தின் அப்பா, அதாவது என் மாமனார், நெய்த சேலையை அளக்க வைத்திருந்த கோல். கருங்காலி மரம், இரு முனையிலும் பித்தளைப் பூண். அவர் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தது. அதை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றும்போது மரகதம் சமையலறையிலிருந்து, "அத்த எடுத்துக்கினு எங்க போறீங்க? அதால அளக்காதீங்க, அது சரியா வராது" என்றாள். காதில் நன்றாக விழுந்தது. ஏன் என்று கேட்கவில்லை.

கிடங்கில் யாருமில்லை. கோட்டின் ஓரமாகக் குந்தி, கோலை வைத்து, முனையில் குறி போட்டு, மறுபடி வைத்து, தவழ்ந்து தவழ்ந்து போனேன். முட்டி இரண்டும் கழன்றது. இருபத்தாறு கோல் வர வேண்டும். இருபத்தைந்தரைகூட வரவில்லை. மறுபடி தவழ்ந்தேன். அதேதான். அகலம் ஒன்பது வர வேண்டும். ஒன்பதுக்கு முக்கால் சாண் குறைந்தது. வலையின் நடுவில் கோலை நிறுத்தினேன். வலை கோலைவிடக் குட்டை. எல்லாமே குறைவு. நீளமும் அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் கோளாறு எங்கே என்று ஆறாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். எனக்கோ முனைவர் பட்டம் இருந்தது.

நேராக அச்சகத்துக்குப் போனேன். மலரின் கடைசிப் படிவம் அச்சேற இருந்தது. என் கட்டுரையின் முடிவில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். இன்றும் அது எனக்கு மனப்பாடம். 'உண்மையை மறைப்பது வரலாறாகாது. இக்கட்டுரையாளர் நேரில் அளந்ததில், கால் நூற்றாண்டாக இப்போட்டி நடந்துவரும் ஆடுகளம் விதிப்படியான நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை அடி குறைவானது என்று தெரியவந்துள்ளது. கோடு போட்ட கைகளுக்கு அளவு தெரியவில்லை.' அச்சகக்காரர் படித்துப் பார்க்கவில்லை. சின்ன முதலாளியும் பார்க்கவில்லை. அப்பாவின் படம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். மலர்களைப் பற்றி நான் முதலில் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் விழா. ஆடுகளத்திலேயே மேஜை, நாற்காலி, மாலைகள். தனபால் வெள்ளை வேட்டி சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க நிற்கிற மாதிரி நின்றான். முன்வரிசையில் மரகதம், அவன் வீட்டார், தெருக்காரர்கள் இருபது முப்பது பேர். மலர் வெளியிடப்பட்டு எல்லார் கையிலும் போனது. எல்லாரும் அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பிரித்தார். சென்னையிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர். அவருடைய சீடன் முந்தின நாள் அரையிறுதியில், பந்து கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே விழுந்ததாக நடுவர் சொன்ன ஒரு புள்ளியில்தான் தோற்றிருந்தான். தன் சீடனின் படம் வந்திருக்கிறதா என்று புரட்டியவர் என் பத்தியில் நின்றார்.

சின்ன முதலாளி பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துவிட்டார். தனபால் குனிந்துவிட்டான். அந்த நேரத்தில் பயிற்சியாளர் மலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகளத்துக்குள் நடந்துவந்தார்.

"மேடம், கோர்ட்டே ஒன்றரை அடி கம்மின்னு இவங்களே புக்ல போட்டிருக்காங்க. அப்ப நேத்து மேட்ச் செல்லாது" என்றார்.

தலைமை நடுவர் ஓர் அம்மாள். அவர் அந்தப் பத்தியைப் படித்தார். பிறகு மைக்கில், இதை எழுதியவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். 'மற்றும் போட்டியின் நண்பர்கள்' வரிசையிலிருந்து நான் எழுந்தேன். எழுந்தது மட்டுமல்ல, நாற்காலிக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய கோலையும் எடுத்தேன். (ஆதாரத்தோடு வந்திருந்தேன். ஆய்வாளன்.) அத்தனை பேர் முன்னால் செய்தித்தாளைப் பிரித்தேன். எனக்கு அப்போது இருந்த மிடுக்கை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

நடுவரம்மாள் என் கோலைக் கையில்கூட வாங்கவில்லை. எஃகு நாடாவைக் கொண்டுவரச் சொன்னார். அளவு பிழையென்றால் அந்தப் போட்டி முழுவதையும் ரத்து செய்து சங்கத்துக்கு எழுத வேண்டும், அங்கீகாரம் போனாலும் போகும் என்றார். சின்ன முதலாளியின் முகம் அவருடைய ஆலையின் பச்சரிசி மாதிரி வெளுத்தது. பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

மேஜையை நகர்த்தினார்கள். மாலையை நகர்த்தினார்கள். அளந்தார்கள். நீளம் எழுபத்தெட்டு அடி. சங்கத்துக்குப் போன் போட்டார்கள். மறுபடி அளக்கச் சொன்னார்கள். எழுபத்தெட்டு அடி. பயிற்சியாளர் திருப்தியடையாமல் தானே நாடாவைப் பிடித்தார். எழுபத்தெட்டு அடி. அகலம் இருபத்தேழு. வலை நடுவில் மூன்று. ஒவ்வோர் எண்ணையும் அம்மாள் மைக்கில் சொன்னார். இத்தனை நேரமும் தனபால் அளக்கிற பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடி நின்றான். தெருக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள்.

கடைசியில் அம்மாள், அந்தக் கோலைக் கொடுங்கள் சார் என்றார். நாடாவுக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைத்தார். ஒரு கஜத்துக்கு முப்பத்தாறு அங்குலம் இருக்க வேண்டும். முப்பத்தாறே முக்கால் இருந்தது.

கூட்டத்தில் முதலில் ஒரு இருமல். பிறகு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு புறாக் காலத்தில்கூடக் கேட்டதில்லை. அந்த உயரமான வெளிநாட்டுக்காரன்கூடத் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு யார் விளக்கினார்கள் என்று தெரியவில்லை.

தனபால் கையை நீட்டினான். அம்மாள் மைக்கைக் கொடுத்தார்.

"அது எங்கப்பா கோலுமா. கஜத்துக்கு ஒரு வெரல் கூட வெச்சுத்தான் கோலு செய்வாங்க. பொடவ வாங்கினு போறவங்க எங்க அளந்தாலும் கொறையுதுன்னு சொல்லக் கூடாது, அதுக்கு" என்றான். பிறகு என் பக்கம் பார்க்காமல் சொன்னான்: "அவுருக்குத் தெரியாதுபா. தறில குந்தாதவரு. படிக்கப் பூட்டாரு."

மறுபடி சிரித்தார்கள். மைக்கைத் திருப்பிக் கொடுத்தான். சின்ன முதலாளி தோளிலிருந்த பொன்னாடையை அவசரமாக உருவினார். தனபால் கையெடுத்துக் கும்பிட்டான், வாங்கிக்கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் போட்ட கோட்டை மிதிக்காமல் தாண்டி, வெளியே போனான். இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று இந்தப் போட்டியின் வரலாற்றாசிரியனுக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் மரகதம் கோலைக் கழுவித் துடைத்து, பரணில் வைக்காமல், தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிய பிறகுதான் பேசினாள்.

"எங்கப்பன் ஒரு வெரல் கூட குடுத்தான். நீங்க அதையே வெச்சி எங்கண்ணன கொறச்சிட்டீங்க."

மறுநாள் பரிகாரத்தில் இறங்கினேன். பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்தேன்: 'கட்டுரையாளரின் அளவுகோல் பிழையானது. ஆடுகளம் சரியானது. மன்னிக்கவும்.' பசை டப்பாவோடு மலர் வாங்கியவர்கள் வீடு வீடாகப் போனேன். பெரும்பாலான வீடுகளில் மலர் பிரிக்கப்படாமல் தொலைக்காட்சிப் பெட்டிமேல் கிடந்தது. நான் போய் அந்தப் பக்கத்தைப் பிரித்துச் சீட்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு, என்னத்தை ஒட்டிவிட்டுப் போகிறார் இந்த ஆள் என்று எடுத்துப் படித்தார்கள். விழாவுக்கு வராதவர்களுக்கும் விஷயம் இப்படித்தான் தெரிந்தது. தனபாலின் பெயரை ஊர் முழுக்கக் கெடுக்க ஒரு மலர் போதவில்லை. நானும் பசையும் தேவைப்பட்டோம்.

மூன்று முறை அவன் வீட்டுக்குப் போனேன். முதல் இரண்டு முறை அவன் மனைவி காப்பி கொடுத்தாள். அவன் தறியை விட்டு எழவில்லை. மூன்றாம் முறை காப்பி டம்ளரோடு நானே தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் மச்சான் என்றேன். ஊடிழை ஓட்டும் தறி நாடாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு எறிந்தபடியே பேசினான்.

"அந்தக் கோலுல ஒரு வெட்டு இருக்குது. கஜம் முடியற எடத்துல. அதுக்கு மேல இருக்கறதுதான் அந்த ஒரு வெரல். கோல புடிச்சா கட்டவெரல் அந்த வெட்டுலதான் போயி குந்தும். கண்ண மூடினு புடிச்சாகூட."

அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டைவிரல் வெட்டில் உட்கார்ந்தது. மூன்றாவது கோலிலேயே உட்கார்ந்தது. என் அப்பாவிடமும் அப்படி ஒரு கோல் இருந்தது. அந்த வெட்டு எதற்கு என்று கேட்டு, பதில் வாங்கி வளர்ந்தவன் நான். அந்த மதியம் கிடங்கில், ஒரு கணம், விரலை எடுத்துப் பார்த்தேன். வெட்டு தெரிந்தது. பிறகு அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நான்காவது கோலை வைத்தேன். தங்க எழுத்து கண்ணில் நின்றது. அச்சகத்துக்குப் போவதற்குள் எனக்கு வெட்டு மறந்தேவிட்டது. விழாவில் கோலை எடுத்தபோது உண்மையாகவே நான் உண்மையின் பக்கம் நிற்பதாக நம்பினேன். கோபக்காரனுக்கு ஞாபகசக்தி அவ்வளவு சௌகரியமாக வேலை செய்கிறது. நான் கோபப்படுகிறேன் என்று சொன்ன அந்த இன்னொரு ஆள், உள்ளங்கையால் வெட்டை மூடியவன்.

"அவுருக்குத் தெரியாதுபா" என்று தனபால் மைக்கில் சொன்னபோது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். ஊர் முன்னால் என்னை முட்டாளாக்கிக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த ஐப்பசியில் அவன் கோடு போட வரமாட்டான் என்று கமிட்டி பயந்தது. வந்தான். இழைச் சுருளோடு வந்து, முனையை என்னிடம் நீட்டினான். எஃகு நாடாவுக்கும் நான்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மண்டியிட்டுப் பிடிக்கிறேன். எழுந்திருக்க இப்போது இரண்டு பேர் தேவை. பொன்னாடையைக் கமிட்டி மூன்று முறை கொடுக்கப் பார்த்தது, வாங்கவில்லை. கிளப் அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை ஒரு நிரந்தரச் சொத்தாகிவிட்டது. சுவரில் உயரம் குறிக்கும்போது, "தாத்தா கோல்ல அளக்காதீங்க, நான் குட்டையாயிடுவேன்" என்று பேரன் ஓடுவான். ஓட்டலில் தோசை சிறிதாக வந்தால், "மாமா கோல்ல பாத்தா இன்னும் சின்னது" என்பார்கள். மருமகளுக்குக்கூட இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். படித்த முட்டாள் ஒருவனின் கதை. நானும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முட்டாள் என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது. இந்தக் கட்டுரை வந்த பிறகு அந்தத் தமாஷ் என்ன ஆகும் என்று தெரியவில்லை. போனால் போகட்டும்.

போன தை மாதம் பேத்திக்கு நிச்சயதார்த்தம். முகூர்த்தப் புடவையைத் தனபாலே நெய்திருந்தான். சபையில் அதை விரித்துக் காட்டினார்கள். யாரோ ஒரு சின்னப் பெண், "அளவு சரியா இருக்குதா, தாத்தாவ அளக்கச் சொல்லுங்க" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. மரகதம் சிரித்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு யாரோ கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். நான் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் தனபால். அவனும் சிரிக்கவில்லை.

முழங்கையால் என்னை லேசாக இடித்தான்.

"சிரி மாப்ள," என்றான், புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாரும் பாக்கறாங்க."